காபோனின் மரங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அடுத்த ஆண்டு நண்பர்களுடன் மத்திய ஆப்பிரிக்காவின் காபோனுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். லோவாங்கோ கடற்கரையில் அலையில் இறங்கும் நீர்யானைகள், கொரில்லா, இவிண்டோவின் கோங்கு அருவி என்று பட்டியல் தயார். ஆனால் இவ்வளவு செலவழித்துப் போய், மழைக்காட்டில் மிருகம் எதுவும் கண்ணில் படாவிட்டால்? பேசாமல் கென்யாவுக்கே போய்விடலாமா? விசா, தடுப்பூசி பற்றியும் சொல்லுங்கள்.

கே., கோவை

அன்புள்ள கே.,

பயணத் திட்டம் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. சில நாட்களாகக் காபோனின் மரங்களைப் பற்றியே வாசித்துக்கொண்டிருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

விசாவைத் தூதரகத்தில் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். புறப்படப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். நீர்யானைகள் கடலுக்கு வருவதும் வராததும் அவற்றின் விருப்பம்.

‘கண்ணில் படாவிட்டால்’ என்கிறீர்களே, அதுதான் எரிச்சலூட்டுகிறது. கென்யப் புல்வெளியில் சிங்கம் தொலைவில் படுத்திருந்தாலும் தெரியும். காபோனில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் காடு. ஏறத்தாழ 95,000 காட்டு யானைகள் அங்கே இருக்கின்றன. ஒன்று பத்தடி தள்ளி நின்றாலும் உங்களுக்கு இலைதான் தெரியும். கட்டணம் கட்டிவிட்டோம் என்பதற்காக அது வெளியே வந்து நிற்க வேண்டுமா?

2002இல் ஒரேயடியாக 13 தேசியப் பூங்காக்களை அறிவித்த நாடு அது. அவற்றில் லோப்பே உங்கள் பட்டியலில் இல்லை. ஓகோவே ஆற்றங்கரையில் காடும் புல்வெளியும் கலந்து கிடக்கும் இடம். 2007 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். தலைநகர் லிப்ரவில்லை அடுத்த ஒவெண்டோவிலிருந்து ரயிலிலேயே போகலாம். நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரியும் மாண்ட்ரில் குரங்குகள் அங்கே உண்டு. அதற்காகவும் நான் சொல்லவில்லை.

கரோலின் டியூட்டினும் மிஷேல் ஃபெர்னாண்டஸும் கொரில்லாக்களையும் சிம்பன்சிகளையும் ஆராய 1980களில் அங்கே ஒரு நிலையம் அமைத்தார்கள். குரங்கைப் படிக்க வேண்டுமென்றால் அது தின்னும் பழத்தைப் படிக்க வேண்டும். அதனால் 1986 முதல் மாதந்தோறும் அதே மரங்களின் அடியில் போய் நின்று, தொலைநோக்கியால் உச்சியைப் பார்த்துப் பூ, காய், பழம் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். ஆட்கள் மாறினார்கள், குறிப்பு நிற்கவில்லை. எந்தச் சுற்றுலாக்காரர் இதைப் படம் எடுப்பார்? ஆனால் 2020இல் வெளியான ஆய்வுக்கு அந்தக் குறிப்பேடுகள்தான் அடிப்படை. தொடக்க காலத்தில் பத்து மரத்துக்கு ஒன்றில் பழுத்த பழம் கிடைத்த காட்டில், இப்போது ஐம்பது மரத்துக்கு மேல் தேட வேண்டியிருக்கிறது. 2008க்குப் பிறகான பத்தாண்டுகளில் யானைகளின் உடற்கட்டு 11 சதவீதம் தேய்ந்திருக்கிறது. புகைப்படங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள்.

யாரும் மரத்தை வெட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அது காக்கப்பட்ட காடு. சில மரங்கள் பூக்க வேண்டுமானால் வறண்ட பருவத்தில் இரவின் குளிர் 19 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும் என்று கருதுகிறார்கள். இரவுகள் சூடாகிவருகின்றன, மழையும் குறைகிறது. வேலி போட்டு இதைத் தடுக்க முடியுமா? மோவாபி போன்ற பெருமரங்களின் விதையைத் தொலைவுக்குச் சுமந்துபோவது யானைதான். பழம் குறைந்தால் யானை மெலியும், யானை குறைந்தால் மரத்தின் அடுத்த தலைமுறைக்கு வழியில்லை. இப்படிப்பட்ட காட்டுக்குப் போய் மிருகம் கண்ணில் படுமா என்று கேட்கிறீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்தாயிரம் ரூபாய்க்குப் புலி பார்த்தே தீர வேண்டும் என்று வழிகாட்டியிடம் சண்டை போடுபவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த அலுப்பு இது. நீங்கள் அந்த ரகமில்லை, கவலைப்படுபவர், அவ்வளவுதான்.

கென்யா வேண்டாம். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் போங்கள், லோப்பேயில் பாதி நாட்களையாவது கழியுங்கள். வழிகாட்டியிடம் மிருகம் எங்கே என்று கேட்காமல், இந்த வாரம் எந்த மரம் பழுத்திருக்கிறது என்று கேளுங்கள். அதை பிரெஞ்சில் கேட்க வேண்டியிருக்கும். நாலு வாக்கியமாவது இப்போதே கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள்.