பழைய மோட்டார் படகு வாங்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

பழைய சிறு மோட்டார் படகை வாங்கிச் சரிசெய்து ஓட்ட நினைக்கும் வாசகர்களின் கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: 16 அடி ஃபைபர் படகு ஒன்று மலிவாக வருகிறது. வயது 25-க்கு மேல். 40 குதிரைசக்தி டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினும் டிரெய்லரும் சேர்த்தே விலை. நான்கு வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. ஓட்டுபவர் இருக்கைக்கு முன்னால் மிதித்தால் தரை அமுங்குகிறது. "ஒரு பலகை மாற்றினால் போதும்" என்கிறார் விற்பவர். மரவேலை ஓரளவு தெரியும். வாங்கலாமா?

பதில்: அந்த "ஒரு பலகை"யை அப்படியே நம்பிவிடாதீர்கள். பெயர்தான் ஃபைபர் படகு. இந்த வயதுப் படகுகள் பலவற்றின் பலம் மரத்தில் இருக்கிறது. தரை ப்ளைவுட். அதைத் தாங்கி நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கர்கள் மரக்கட்டை. இன்ஜின் தொங்கும் பின்பலகையான டிரான்சமும் உள்ளே ப்ளைவுட்தான். மூன்றுக்கும் மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். ஃபைபர் அழுகாது, உள்ளே இருக்கும் மரம் அழுகும். மிதித்தால் அமுங்கும் அளவுக்குத் தரை வந்துவிட்டது என்றால் தண்ணீர் உள்ளே போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். அது தரையோடு நிற்காமல் கீழே ஸ்டிரிங்கருக்கும் பின்னால் டிரான்சத்துக்கும் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

எனவே தரையை விட்டுவிட்டு டிரான்சத்திலிருந்து தொடங்குங்கள். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான் இதுவும். பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியலோ ஸ்குரூடிரைவரின் பிடியோ போதும். நல்ல இடத்தில் 'டக்' என்று சத்தம் தெறிக்கும், ஊறிய இடத்தில் 'பொத்' என்று அடங்கும். நான்கு விரற்கடை இடைவெளியில் முழுப் பரப்பையும் தட்டுங்கள். தண்ணீர் வடிக்கும் பிளக்கைச் சுற்றியும், ஏணி, ஆழம் காட்டும் கருவி ஆகியவற்றைத் திருகிய இடங்களைச் சுற்றியும் இரண்டு முறை தட்டுங்கள். டிரான்சம் பெரும்பாலும் அழுகத் தொடங்குவது அந்தத் திருகு ஓட்டைகளில்தான். ஓட்டை போட்டவர் உள்விளிம்பில் ரெசின் (ஃபைபரை இறுக்கும் பசைத் திரவம்) தடவாமல் திருகை அப்படியே முறுக்கியிருப்பார். வெளியே வழியும் சிலிகானைப் பார்த்தால் நன்றாக அடைத்தது போலத்தான் தெரியும்.

அடுத்து, இன்ஜினைப் பாதி சாய்த்துவைத்து அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பைக் கவனிக்கட்டும். இன்ஜின் அசையலாம், பலகை அசையக் கூடாது. விளிம்பு உள்ளே வெளியே போய்வந்தாலும், பக்கச் சுவரோடு சேரும் மூலையில் விரிசல் திறந்து மூடினாலும், இன்ஜின் போல்ட்டின் வாஷர் ஃபைபருக்குள் பதிந்திருந்தாலும் உள்ளே மரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு துளை போட்டுப் பார்ப்பதே உறுதியான வழி. விற்பவரிடம் அனுமதி கேட்டு, உட்புறத்திலிருந்து, டிரான்சத்தின் அடிப்பகுதியில் 4 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். இந்த அளவுப் படகில் டிரான்சத்தின் கனம் சுமார் 38 மி.மீ. வெளித்தோலைத் துளைத்துவிடாமல் இருக்க டிரில் பிட்டில் 25 மி.மீ.க்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் வெள்ளையாக ஃபைபர் தூள் வரும், அதற்குப் பிறகு வருவதைத்தான் பார்க்க வேண்டும். வெளிர் நிறத்தில் உதிரியாக, மரவாசனையோடு வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. டீத்தூள் நிறத்தில் ஈரமாக வந்து பிட்டின் வரிகளில் அப்பிக்கொண்டால் அழுகல். பார்த்தபின் துளையை எபாக்சியால் (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் ரெசின் வகை) அடைத்துவிட வேண்டும். துளை போடவே கூடாது என்று விற்பவர் மறுத்தால், விலை பேசும்போது அழுகியிருப்பதாகவே கணக்கிடுங்கள்.

கடைசியாக, எடை. தரைக்கடியில் மிதப்புக்காக நுரை நிரப்பியிருப்பார்கள். வருடக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் அதுவும் ஊறும். ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ, பத்து கன அடி ஊறியிருந்தால் 280 கிலோ. நாலைந்து ஆள் எப்போதும் கூடவே பயணம் செய்கிற மாதிரி. டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, டிரெய்லர், இன்ஜின், பேட்டரி, பெட்ரோல் ஆகியவற்றின் எடையைக் கழித்து, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் தரை முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் கணக்கு இது. டிரான்சம் திடமாக இருந்து தரை மட்டும் போயிருந்தால் மரவேலை தெரிந்தவருக்கு நல்ல வேலைதான், வாங்கலாம். தரை, ஸ்டிரிங்கர், டிரான்சம் மூன்றும் போயிருந்தால் படகின் உடலுக்கு விலையே போடாதீர்கள். இன்ஜினும் டிரெய்லரும் தனியாக விற்றால் என்ன பெறுமோ அதுதான் மொத்த விலை. ஓட்டிக் காட்டாத இன்ஜினுக்குப் பழைய இரும்பு விலை. இதற்கு விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். மூன்றையும் மாற்றுவது நூறு மணி நேரத்துக்குக் குறையாத வேலை. விடுமுறை நாளில் மட்டும் கை வைப்பவருக்கு ஒரு வருடம் ஓடிவிடும். ரெசின் வேலைக்குக் கூரையுள்ள, மழை படாத இடமும் வேண்டும். அது இல்லையென்றால் இந்தப் படகு வேண்டாம்.

கேள்வி: அவுட்போர்டு இன்ஜினைத் தண்ணீரில் இறக்காமலே சோதிக்க முடியுமா? "கடைசியாக ஓட்டியபோது நன்றாக ஓடியது" என்கிறார்கள்.

பதில்: கடைசியாக ஓட்டும்போது எல்லா இன்ஜினும் நன்றாகத்தான் ஓடியிருக்கும். ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், சிலிண்டருக்குள் அழுத்தம் காட்டும் கம்ப்ரெஷன் கேஜ், பெரிய தட்டை ஸ்குரூடிரைவர், வெள்ளைத் துணி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் கியர் ஆயில். கீழ்ப்பகுதியின் அடித் திருகைச் சற்றே தளர்த்தி, முதலில் வரும் சொட்டுகளைத் துணியில் பிடியுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் நிறுத்திவைத்த இன்ஜினில் அடியில் தங்கும், முதலில் அதுவே வரும். எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் சீல் போய்த் தண்ணீர் கலந்திருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். சாஃப்ட்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் சீலை வெட்டியது அதுதான். சீல் விலை பெரிதல்ல. ஆனால் தண்ணீரோடு எத்தனை நாள் நின்றது என்பதைப் பொறுத்து பேரிங்கும் கியரும் போயிருக்கலாம். திருகின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் கியர் உடைகிறது.

பிறகு கம்ப்ரெஷன். பல வருடம் நின்ற இன்ஜினை உடனே ஸ்டார்ட்டரால் சுற்றாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, ஃப்ளைவீலைக் கையால் திருப்புங்கள். திரும்பாவிட்டால் அத்தோடு சோதனை முடிந்தது. திரும்பினால், அவசர நிறுத்தக் கயிற்றைக் கழற்றி, பிளக் ஒயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜை முறுக்கி நாலைந்து சுற்று சுற்றுங்கள். பழைய டூ-ஸ்ட்ரோக்கில் 100 psi-க்கு மேல் வந்தால் பொதுவாக நல்லது. அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்குள் ஒற்றுமை. வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 105, 108, 104 என்றால் வாங்கலாம். 125, 122, 85 என்றால் வேண்டாம். அந்த மூன்றாவது சிலிண்டரின் கார்புரேட்டர் ஜெட் அடைத்து, பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் குறைந்து, பிஸ்டன் கீறியிருக்கலாம். ஆயில் விட்ட சிலிண்டர் அளவைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் முதலில் ஆயிலை நன்றாகச் சுற்றி வெளியேற்றிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்றால் தண்ணீர்க் குழாயோடு இணைக்கும் மஃப் மாட்டிய பிறகே சம்மதியுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் இம்பெல்லரின் ரப்பர் இறக்கை, காய்ந்தபடி சில விநாடி சுற்றினாலே கெடும். பல வருடம் நின்றதில் இறக்கைகள் ஒரே பக்கம் மடிந்து அப்படியே விறைத்திருக்கும். வாங்கினால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். மலிவான சாமான், விட்டுவிட்டால் இன்ஜினையே வேகவைத்துவிடும். பெட்ரோல் குழாய், கையால் அமுக்கும் ரப்பர் பந்து, ஃபில்டர் மூன்றையும் புதிதாகவே கணக்கில் எழுதுங்கள்.

நீங்கள் போவதற்கு முன்பே இன்ஜினை ஓட வைத்திருக்கிறார்களா என்று தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கிற இன்ஜினோ என்று சந்தேகப்படலாம். ஆறிய பின் இன்னொரு முறை கிளப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: உள்ளேயே கார் மாதிரி பெட்ரோல் இன்ஜின் வைத்த 18 அடி படகு ஒன்றை இலவசமாகத் தருகிறேன் என்கிறார் நண்பர்.

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். உப்புத் தண்ணீரில் ஓடியதென்றால் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள்ளே துருப்பிடித்து சிலிண்டருக்குள் தண்ணீர் விடும். உறைபனி விழும் ஊரில் தண்ணீர் வடிக்காமல் விட்டிருந்தால் அது உறைந்து விரிந்து இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டிருக்கும். டிரான்சத்தைத் தாண்டி வெளியே போகும் டிரைவின் ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான உறை) கிழிந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள் வரும். மாற்றுச் சாமான் என்று கார் ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் மாட்டிவிடுகிறார்கள். படகுக்கென்று செய்தவற்றில் தீப்பொறி வெளியே போகாதபடி மூடியிருக்கும், கார் சாமானில் அது கிடையாது. மூடிய இன்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கும் இடத்தில் அது வெடிகுண்டு. முதல் படகாக இது வேண்டாம். இதோடு டிரெய்லரும் வந்து, அது வேறு படகுக்குத் தேவைப்பட்டால் மட்டும் யோசிக்கலாம்.

கேள்வி: 14 அடி அலுமினியப் படகு, ரிவெட் வழியாக ஒழுகுகிறது. சிலிகான் பூசினால் நிற்குமா?

பதில்: நிற்காது. உரித்துக்கொண்டு வரும், அடுத்து எது பூசினாலும் ஒட்டவும் விடாது. டிரெய்லரில் நன்றாகத் தாங்கல் கொடுத்து, உள்ளே கணுக்கால் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே எந்த ரிவெட் சொட்டுகிறதோ அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். நாலைந்து என்றால் ஒருவர் உள்ளே கனமான இரும்பை வைத்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து தட்டி இறுக்கலாம். இறுகாததை வெட்டி எடுத்து, பாலியூரித்தேன் சீலண்ட் தடவிப் புதியது அடியுங்கள். நடுவில் ஓட்டையுள்ள சாதாரண பாப் ரிவெட் வேண்டாம், முனை மூடிய வகையாக இருக்கட்டும். தரைக்குச் செம்புச் சேர்மத்தில் ஊறவைத்த பலகையைப் போட்டுவிடாதீர்கள். ஈரத்தில் செம்பு அலுமினியத்தை அரிக்கும். செம்பு கலந்த அடிப்பெயிண்டும் அதே காரணத்தால் கூடாது. மற்றபடி, புதிதாக இந்த வேலையில் இறங்குபவருக்கு ஃபைபரைவிட அலுமினியமே சுலபம். கோளாறு கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: வாங்கியே விட்டேன். தரையைப் பிரித்துவிட்டேன், ஸ்டிரிங்கர் இரண்டும் மக்கிக் கிடக்கின்றன. எபாக்சியா, பாலியெஸ்டர் ரெசினா?

பதில்: ரெசினை வாங்கும் முன், படகின் அடி எல்லா இடத்திலும் சமமாகத் தாங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிரிங்கர் இல்லாத உடல் துவளும். முன்பகுதியான அணியம் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, அப்படியே புதுக் கட்டையை ஒட்டினால் அந்த முறுக்கு நிரந்தரமாகிவிடும், பிறகு படகு நேராக ஓடாது. இரண்டையும் ஒன்றாக வெட்டாமல், ஒன்றை மாற்றி இறுகியபின் அடுத்ததற்குப் போங்கள். வெட்டும் முன் உயரத்தை அடிக்கு ஒரு முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாக ஒட்டும், மரத்திலும் ஊறிப் பிடிக்கும். டிரான்சத்துக்கும் ஸ்டிரிங்கருக்கும் எங்கள் ஓட்டு எபாக்சிக்கே. அதோடு, இரண்டு திசையில் இழை வைத்துத் தைத்த பையாக்சியல் ஃபைபர் துணியைப் போடுங்கள். நறுக்கிய ஃபைபர் இழையைப் பசையால் ஒட்டிய சாதாரண மேட்டில் அந்தப் பசை, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்தது. எபாக்சியில் கரையாமல் மேட் விறைத்து நிற்கும். கலவை விகிதத்தை எடை போட்டே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் எபாக்சி ஒழுங்காக இறுகவே இறுகாது. பாலியெஸ்டருக்குத்தான் இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை 1 முதல் 2 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைக்க முடியும். அதில் 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் பிடிக்கும்.

டிரான்சமும் போயிருந்தால் 18 மி.மீ. மரைன் ப்ளைவுட் இரண்டை எபாக்சியால் ஒன்றாக ஒட்டிப் போடுங்கள். தரைக்கு 12 மி.மீ. போதும். ப்ளைவுட்டின் வெட்டு விளிம்புகளுக்கு மூன்று முறை எபாக்சி கொடுங்கள், தண்ணீர் நுழைவது அங்கேதான். இனிமேல் திருகு போடும் ஒவ்வோர் இடத்திலும் பெரிய துளை போட்டு, எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சிறு துளை போட்டே திருகுங்கள்.

ஃபைபரைத் தேய்க்கும்போது நல்ல தூசி மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். பாலியெஸ்டர் வாசனைக்குத் தூசி மாஸ்க் போதாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்தது வேண்டும்.

கேள்வி: 40 குதிரைசக்திப் படகில் 60 போடலாமா?

பதில்: படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன உச்ச அளவு போட்டிருக்கிறதோ அதுவரை. தகடு இல்லையென்றால் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் தேடுங்கள். குத்துமதிப்பு வேண்டாம். டிரான்சம் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 15 அங்குலத்துக்கு ஷார்ட் சாஃப்ட், 20 அங்குலத்துக்கு லாங் சாஃப்ட். மாற்றிப் போட்டால் ஒன்று புரொப்பெல்லர் காற்றைக் கலக்கும், இல்லையென்றால் கீழ்ப்பகுதி அளவுக்கு மீறி ஆழத்தில் இழுபடும்.

கேள்வி: காகிதம் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: படகுக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று, இன்ஜின் எண் தனி. டிரான்சத்தின் வலப்பக்க மேல்மூலையில் படகின் அடையாள எண் பதிந்திருக்கும். அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பின் செய்தவற்றில் அது எழுத்தும் எண்ணுமாக 12 குறி. அந்த இடம் மட்டும் தேய்த்துப் பெயிண்ட் அடித்ததாக இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். டிரெய்லர் டயரில் நான்கு இலக்கக் குறி இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் புதிது போல இருந்தாலும் ஆறேழு வருடமான டயரில் படகை ஏற்றி நெடுந்தூரம் இழுக்காதீர்கள். டயரை மாற்றும்போதே வீல் பேரிங்கையும் கழற்றி கிரீஸ் பார்த்துவிடுங்கள். டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்கி ஏறுவதால் அதுதான் முதலில் துருப்பிடிக்கும்.