மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 23 வயது. பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஆறு மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, இரவில் தூங்குவதில்லை. எதிர்வீட்டில் கேமரா வைத்துத் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சொல்லி ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டி வைத்திருக்கிறான். அம்மா கொடுக்கும் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத்தான் தொடுகிறான். டாக்டரிடம் போகலாம் என்றால், "நான் என்ன பைத்தியமா?" என்று கத்துகிறான். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு மருத்துவர், அவனைப் பார்க்காமலேயே சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். காபியில் கலந்தால் தெரியாதாம். வாங்கி வைத்திருக்கிறோம், கொடுக்கலாமா? கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பெரியப்பா.
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: கொடுக்க வேண்டாம். இந்தப் பதில் உங்களைக் கைவிடுவதுபோலத் தோன்றலாம். எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் ஒரு குடும்பம் இந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதை அறிவேன். அன்பினால்தான் கேட்கிறது என்பதையும் அறிவேன்.

உங்கள் தம்பியின் சந்தேகம் இப்போது சாப்பாட்டின் மீது வந்து நிற்கிறது. அந்தச் சந்தேகம் பொய்யாக இருக்கும்வரைதான் அவனிடம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது; காபியில் மருந்தைக் கலந்த அன்றே அது உண்மையாகிவிடும். என்னிடம் வந்த ஒரு தாய் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) மாத்திரையைப் பொடித்து மகனுக்கு இரவுப் பாலில் கொடுத்துவந்தார். மூன்று மாதங்கள் நன்றாகவே போயின. மகன் தூங்கினான், குளித்தான், தங்கையிடம் பேசவும் தொடங்கினான். ஒருநாள் டம்ளரின் அடியில் கரையாமல் தங்கியிருந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தான். அதன்பிறகு நான்கு மாதங்கள் தெருமுனை டீக்கடை பன்னும் தானே வாங்கிவந்த வாழைப்பழமும்தான் அவன் சாப்பாடு. அம்மா மொண்டு கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. ஒருவழியாக என்னிடம் வந்தபோது அவன் முதலில் கேட்டது இதைத்தான்: "எங்கம்மா எனக்குத் தெரியாம கலந்தாங்களா இல்லையா, நீங்களே சொல்லுங்க டாக்டர்." கலந்தார்கள் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு, மருந்து என்ற சொல்லையே அவனிடம் எடுக்கப் பல மாதங்கள் ஆயின.

மருத்துவ ஆபத்தும் சிறியதல்ல. ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளைத் தொடங்கிய முதல் சில நாட்களில், குறிப்பாக இளைஞர்களுக்கு, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதும் கண்விழி மேலே செருகிக்கொள்வதும் உண்டு. விவரம் தெரிந்தால் ஓர் ஊசியில் விரைவிலேயே சரிசெய்துவிடலாம். தான் மருந்து சாப்பிட்டதே தெரியாத ஒருவனுக்கு அது விஷம் வைத்ததன் அத்தாட்சியாகத்தான் படும். மேலும், நீங்கள் எழுதியிருப்பது மனச்சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கலாம். கஞ்சா, வலிப்பு, தைராய்டு கோளாறு, கடுமையான மனச்சோர்வு ஆகியவற்றிலும் ஏறத்தாழ இதே தோற்றம் வருவதுண்டு. ஆளைப் பார்க்காமல் இவற்றைப் பிரித்தறிய எந்த மருத்துவராலும் முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், தன் நிலையைப் புரிந்து முடிவெடுக்கக்கூடியவருக்கு அவருடைய ஒப்புதல் இல்லாமல் சிகிச்சை தரக்கூடாது என்கிறது. அந்தத் திறன் இப்போது அவனுக்கு இருக்கிறதா என்பதையும் நேரில் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் அவன் இல்லாமல் நீங்களும் அம்மாவும் மட்டும் போங்கள். உங்களுக்கு அருகிலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எப்போது தூக்கம் குறைந்தது, எப்போது ஜன்னலை அடைத்தான், கடைசியாக எந்த நண்பனிடம் பேசினான், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையெல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பதற்றத்தில் வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

அவனிடம் கேமராவைப் பற்றி வாதாடாதீர்கள். இல்லை என்று நிரூபிக்க எதிர்வீட்டுக்கு அழைத்துப் போவதும், சமாதானத்துக்காக "ஆமாம், இருக்கிறது" என்று தலையாட்டுவதும் ஒரே அளவுக்குக் கெடுதல். அவனுடைய பயம் மட்டும் மெய்யானது. அதைப் பற்றிப் பேசுங்கள். "நீ ராத்திரி முழுக்க முழிச்சிருக்கறது எனக்குத் தாங்கலடா. தூக்கத்துக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பாக்கலாமா, நானும் கூட வரேன்" என்று அக்கா கேட்பதில் பொய் எதுவும் இல்லை, ஏனென்றால் அவன் மெய்யாகவே தூங்கவில்லை. தன் மனம் கெட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் பலர், தூக்கமில்லை என்பதை ஒப்புக்கொண்டு வருகிறார்கள். முதல்முறை மறுத்தால் சில நாட்கள் விட்டு மறுபடி கேளுங்கள். உறவினர் வீட்டு விசேஷம் என்று பொய் சொல்லி ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை வாசலில் இறக்காதீர்கள். அன்று உள்ளே வந்துவிடுவான், அடுத்தமுறை வரமாட்டான்.

சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல் ஆக்கி வைத்திருக்கிறோம். உங்கள் தம்பியின் கத்தலில் பாதி அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன். 1794இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையில் இன்று புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறார்கள். பொது மருத்துவமனையின் சீட்டு என்றால் அவனுக்குக் கூச்சம் குறையும் என்பதால்தான் ஸ்டான்லியை முதலில் சொன்னேன்.

பெரியப்பாவின் யோசனை நல்ல மனதோடு சொன்னதாகவே இருக்கட்டும். ஆனால் கல்யாணம் சிகிச்சை அல்ல. சந்தேகமும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும்போது புது உறவு அவனை இன்னும் அலைக்கழிக்கும். விவரம் தெரியாமல் வரும் பெண்ணுக்கு அது துரோகம். கோயிலுக்கோ தர்காவுக்கோ போக நினைத்தால் தாராளமாகப் போய்வாருங்கள், அங்கே விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா ஊரான ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாண்டவர்கள் உட்பட 28 பேர் உயிரிழந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை இன்றைய சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது.

காத்திருக்கக் கூடாத கட்டமும் உண்டு. சாகப்போவதாகச் சொன்னாலோ, யாரையாவது தாக்க முனைந்தாலோ, சாப்பாட்டையும் தண்ணீரையும் அடியோடு நிறுத்திவிட்டாலோ அவனைத் தனியே விடாமல் 108ஐ அழையுங்கள். அப்படிப்பட்ட நிலையில், குடும்பத்தில் ஒருவர் விண்ணப்பித்து, இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்டால், அவன் சம்மதம் இல்லாமலேயே 30 நாட்கள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அவனுக்குத் தெரிந்தே, பதிவேட்டில் ஏறி, கேள்வி கேட்கும் உரிமையோடு நடப்பது அது. காபியில் கலப்பதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். எந்த நேரத்திலும் தமிழிலேயே ஆலோசனை கேட்க 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, கட்டணம் கிடையாது.

இன்றிரவு அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவனுக்கென்று தட்டில் போட்டு மூடி வைக்க வேண்டாம். சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் கூடத்தில் வைத்துவிட்டு, நீங்கள் இருவரும் முதலில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருங்கள். கரண்டி அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.