எதிர்க்கட்சி எம்.பி.யிடம் மனு கொடுப்பது வீண் வேலையா?

வணக்கம். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உங்கள் அம்மாவுக்கு வைப்புநிதி ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்தான் வருகிறது, தொகுதி எம்.பி.யோ எதிர்க்கட்சி, அவரிடம் போய் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு, ஆனால் உடனே பணம் கூடும் என்று நம்பிப் போகாதீர்கள். இதே ஓய்வூதியத்தை 2013இல் மாநிலங்களவை மனுக்கள் குழு ஆராய்ந்தது. தலைவர் பகத் சிங் கோஷ்யாரி, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க.வைச் சேர்ந்தவர். குறைந்தபட்சம் 3,000 ரூபாய் தர வேண்டும் என்றது குழு. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது 1,000. அதற்குள் அவருடைய கட்சியே ஆட்சிக்கு வந்திருந்தது என்பதுதான் வேடிக்கை! இருந்தும் ஓய்வூதியர் சங்கங்கள் பிற்பாடும் கையில் எடுத்துக்கொண்டு போனது அந்த அறிக்கையைத்தான்.

ஓய்வூதியம் மட்டுமல்ல. இணையத்தில் குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி 2020 ஜனவரியில் 40 பரிந்துரைகள் தந்த மாநிலங்களவைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் சட்ட முன்வரைவு) 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டவில்லை, அது வேறு கதை.

எம்.எல்.ஏ.விடம் அலையாதீர்கள், இது மத்திய அரசின் திட்டம். எம்.பி.யிடம் 'உதவுங்கள்' என்று பொதுவாக எழுதாமல், அவையில் எழுத்துபூர்வமான கேள்வியாக எழுப்பும்படி கேளுங்கள். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அது பதிவிலும் நிற்கும். அதே நிலையில் உள்ள மற்ற ஓய்வூதியர்களின் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுக்கள் குழுவுக்கே அனுப்புவதானால் தமிழ் மனுவோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள்.