காய்ச்சல் விட்டதும் பயம் விட்டதா? டெங்கு பற்றி மட்டக்களப்பிலிருந்து ஒரு பதில்

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். டெங்குவை எப்படி அடையாளம் காண்பது, எப்படித் தடுப்பது?

நான் கல்லடிப் பக்கம். வாடை மழை கொட்டித் தீர்த்ததும் இங்கே டெங்கு தலைகாட்டும். 2017இல் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல் இது வந்தது.

திடீரென்று கடும் காய்ச்சல், தலையிடி, கண்ணுக்குப் பின்னால் குத்து, மூட்டு உளைவு, ஓங்காளம் இருந்தால் டெங்குவைச் சந்தேகியுங்கள். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதியுங்கள். பனடோலை (பரசிற்றமோல்) எடைக்கேற்ற அளவில் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்குளோபெனாக் எதுவும் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும்.

எங்கள் சனம் ஏமாறுவது காய்ச்சல் குறையும்போதுதான். "பிள்ளைக்குச் சுகம், பள்ளிக்கூடம் போகட்டும்" என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, விடாத வாந்தி, பல்முரசில் இரத்தம், கைகால் குளிர்தல், சோர்ந்து கிடத்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதிருத்தல், இதில் ஒன்று இருந்தாலும் இரவு பகல் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பப்பாசி இலைச் சாற்றோடு மாமியார் வந்து நிற்பார். அதை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். இளநீர், கஞ்சி, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல்) கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள், வாந்தியில் வருவது இரத்தமா என்று தெரியாமல் போகும்.

ஒருமுறை வந்தவருக்கு இனி வராது என்பதும் பிழை. வைரஸில் நான்கு வகை உண்டு. இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூட.

இனி டெங்குவைப் பரப்பும் நுளம்பு. இது சாக்கடையில் அல்ல, உங்கள் வளவில் தேங்கும் தெளிந்த தண்ணீரில் பெருகுவது. குசினிக்குப் பின்னால் அடுக்கி வைத்த தயிர்ச் சட்டி, சிரட்டை, ரயர், கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கரையில் கிடக்கும் வள்ளம் எல்லாவற்றையும் பாருங்கள். முட்டை நுளம்பாக ஏழெட்டு நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ஆனால் வெறுமனே கவிழ்த்தால் காணாது. முட்டை பாத்திரத்தின் உள்விளிம்பில் ஒட்டிக் காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். தேங்காய்ப் பொச்சுப் போட்டுத் தேயுங்கள். பாவிக்காத கிணற்றை வலையால் மூடலாம், கப்பி மீனும் விடலாம். புகை அடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அது பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் குடம்பியை (நுளம்புப் புழுவை) அல்ல.

இந்த நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் பின்னேரமும் கூடுதலாக. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். முதல் ஐந்து நாளில் அவரைக் கடித்த நுளம்புதான் பிறகு வீட்டில் மற்றவருக்கும் அயலுக்கும் நோயைக் கொண்டு போகும்.