ஐந்து ஸ்டார் ஏசி வாங்கியும் பில் குறையவில்லையா?

பழைய ஏசியை மாற்றி ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி போட்டும் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் என்கிறீர்கள். 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் தூங்குவதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள் சார், கோளாறு அங்கேதான். எவ்வளவு நல்ல மெஷினானாலும் 18-ஐ எட்ட கம்ப்ரஸர் இரவு முழுக்க முக்கிக்கொண்டிருக்கும். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம். எங்கள் வீட்டில் பையன் இரண்டு நாள் முணுமுணுத்தான், அப்புறம் பழகிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கு நிற்கும்படி டைமரும் போடுங்கள். கதவைத் திறக்காதவரை குளிர்ச்சி கொஞ்ச நேரம் தங்கும்.

முதலில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் வரப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதைத் தாண்டினால் 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும்.