மீக் மில்லுக்கு எதற்கு மேடை?

கேள்வி: துப்பாக்கியோடு பிடிபட்டு ஜெயிலுக்குப் போய்வந்த அமெரிக்க ராப் பாடகர் மீக் மில், இன்று நீதிச் சீர்திருத்தம் பேசுகிறார். பணமும் புகழும் இருந்ததால் தப்பித்தவருக்கு எதற்கு இத்தனை மரியாதை?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தப்பித்தாரா? 2007-இல் பிலடெல்பியாவில் கைதானபோது அவருக்கு 19 வயது. துப்பாக்கி வைத்திருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். போலீஸை நோக்கி நீட்டினார் என்பதைத்தான் மறுத்தார். அந்த வழக்குக்கான சிறைவாசத்தையும் அனுபவித்தார். கணக்கு அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை. அப்புறம்தான் புரொபேஷன், அதாவது நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆரம்பித்தது. வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும், அதிகாரி முன் ஆஜராக வேண்டும், போதைமருந்துப் பரிசோதனையில் தேற வேண்டும். ஒன்றில் பிசகினாலும் நீதிபதி கண்காணிப்பை நீட்டிக்கலாம், உள்ளேயும் தள்ளலாம். ஊர் ஊராகப் போய்ப் பாடினால்தான் பிழைப்பு என்கிற ஒருவருக்கு இது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். 2012-இல் 'டிரீம்ஸ் அண்ட் நைட்மேர்ஸ்' ஆல்பத்தால் பெரும் பெயர் எடுத்தவர், 2014-இல் பயண விவரத்தைச் சொல்லாதது உள்ளிட்ட மீறல்களுக்காக மறுபடி சிறை போனார்.

2017 நவம்பரில் நடந்தது இன்னும் கொடுமை. செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஒரு கைகலப்பு, நியூயார்க் தெருவில் முன்சக்கரத்தைத் தூக்கி பைக் ஓட்டியது என்று இரண்டு வழக்குகள். இரண்டுமே நிற்கவில்லை. பரிசோதனையில் தவறியதும் அனுமதியில்லாமல் பயணம் செய்ததும் உண்மைதான். ஆனால் அரசு வழக்கறிஞரும் கண்காணிப்பு அதிகாரியுமே சிறை கேட்கவில்லை. நீதிபதி 2 முதல் 4 ஆண்டு விதித்தார்!

மூல வழக்கில் சாட்சி சொன்ன போலீஸ்காரரின் நம்பகத்தன்மையே பிறகு கேள்விக்குள்ளானது. 2018 ஏப்ரலில், பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் மீக் மில்லை ஜாமீனில் விடச் சொன்னது. 2019-இல் பழைய தீர்ப்பு ரத்தானது. துப்பாக்கி வைத்திருந்த சிறு குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டு, மேல்தண்டனை இல்லாமல் வழக்கை முடித்தார். 2023-இல் ஆளுநர் மன்னிப்பும் வழங்கினார்.

சரி, பணத்துக்கு வருவோம். நல்ல வக்கீல்கள், பிரபல ராப் பாடகர் ஜே-ஸி, கோடீஸ்வரர் மைக்கேல் ரூபின் எல்லாரும் துணைக்கு நின்றது உண்மை. அப்படி இருந்தும் 2017 தீர்ப்புக்குப் பின் சுமார் ஐந்து மாதம் உள்ளே இருந்தார். வேலையில் லீவு கிடைக்காமல் அதிகாரியைப் பார்க்கத் தவறுகிற சாதாரண ஆளுக்கு யார் நிற்பார்கள்? 2019-இல் அமெரிக்காவில் 40 லட்சத்துக்கும் அதிகமானோர் புரொபேஷனிலோ பரோலிலோ (தண்டனைக்காலம் முடியும் முன்பே நிபந்தனைகளோடு விடுதலை) இருந்தார்கள். அந்த ஆண்டுதான் மீக் மில்லும் இந்த நண்பர்களும் 'ரிஃபார்ம் அலையன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்கள். அது ஆதரித்த கலிபோர்னியா சட்டம், பெரும்பாலான சிறு குற்றங்களுக்குப் புரொபேஷன் ஒரு வருடம், பெருங்குற்றங்களுக்கு இரண்டு வருடம் என்று வரம்பு கட்டியது. பணத்தால் கிடைத்த செல்வாக்கைப் பணமில்லாதவர்களுக்காகச் செலவழிப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை.

குறை சொல்ல வேறு இடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் பென்சில்வேனியாவிலும் ஒரு சட்டம் வந்தது. இந்த அமைப்பு அதை வெற்றியாகக் கொண்டாடியது, குடியுரிமைகளுக்காகப் போராடும் ஏ.சி.எல்.யூ. அமைப்பின் மாநிலக் கிளையோ அந்த மசோதாவை எதிர்த்தது. புரொபேஷன் காலத்துக்கு அங்கே இன்னும் கலிபோர்னியா போல உச்சவரம்பு இல்லை. இவ்வளவு குறைவாக ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று மீக் மில்லை நீங்கள் கேட்டிருந்தால், நானும் உங்களோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.