அரபு நாடுகளில் நவீன ஓவியர்கள் இருக்கிறார்களா? உருவம் வரையவே இஸ்லாமிய மார்க்கத்தில் தடை என்கிறார்களே?

இருக்கிறார்கள். நீங்கள் வளைகுடாவுக்குப் புதிது என்று நினைக்கிறேன். கேம்ப், மால், கடற்கரை தவிர வேறெதுவும் கண்ணில் பட்டிருக்காது.

நான் சவூதியில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தவன். ஒரு நைட் ட்யூட்டியில் சவூதி டாக்டர் ஒருவர் கண்காட்சிப் புத்தகம் ஒன்றை என் மேஜையில் விரித்தார். நெஞ்சு எக்ஸ்ரே. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணலாம். சுற்றிலும் பழைய குர்ஆன் பிரதிகளின் ஓரத்தில் இருக்குமே, அந்த மாதிரித் தங்கப் பூவேலை. செய்தவர் சவூதிக் கலைஞர் அஹ்மத் மாதிர், 1979-ல் தபூக்கில் பிறந்தவர், படிப்பால் டாக்டர். "இப்போ சொல்லு, இது உருவமா இல்லையா?" என்றார் புத்தகத்தை விரித்த டாக்டர். முகம் இல்லை, தோல் இல்லை, ஆனால் ஆள் இருக்கிறார். எனக்கோ வேறு யோசனை. நல்ல எக்ஸ்போஷர், எடுத்தவன் எவனோ! டெக்னீஷியன் பிழைப்பே அப்படி. காண்ட்ராக்டில் எழுதியிருந்த ரேடியேஷன் அலவன்ஸ் எனக்குக் கடைசிவரை வரவில்லை. கம்பெனியைக் கேட்டால் ஏஜென்டைக் கேள் என்பார்கள், ஏஜென்ட் கம்பெனியைக் கை காட்டுவார். சரி, அதை விடுங்கள்.

மாதிருடைய இன்னொரு வேலை: நடுவில் கறுப்புக் கனசதுரக் காந்தம், அதில் ஒட்டிவிடாமல் சற்று விலகி வட்டமாகச் சிலிர்த்து நிற்கும் இரும்புத்தூள். மக்காவுக்குப் போய் உம்ரா செய்தவனுக்கு யாரும் விளக்க வேண்டாம், அது தவாஃப், அதாவது காபாவைச் சுற்றி வலம் வருவது. முதுகில் வந்து முட்டும் கூட்டம்கூட எனக்கு ஞாபகம் வந்தது. 2012-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் நடத்திய ஹஜ் கண்காட்சியில் இதை வைத்தார்கள்.

இதை மார்க்கத்தைச் சீண்டும் வேலை என்று நான் நினைக்கவில்லை. அதே ஆள் மக்கா நகரம் மாறுவதையும் தொடர்ந்து படம் பிடித்திருக்கிறார். 2002-ல் உஸ்மானியர் (ஒட்டோமான்) காலத்து அஜ்யாத் கோட்டையை இடித்த இடத்தில் இன்று 601 மீட்டர் மணிக்கூண்டு நிற்கிறது. ஹரமில், அதாவது காபா இருக்கும் பள்ளிவாசலில், தலையை நிமிர்த்தினால் அந்தக் கடிகாரம்தான். அதைக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டாமா?

ஹதீஸ் (நபிமொழி) எண்ணோடு கமெண்டுக்கு வரப்போகும் சகோதரர்களே, நான் ஆலிம் இல்லை, மார்க்கம் படித்த அறிஞன் இல்லை. உருவம் பற்றிய கருத்து வேறுபாடுகள் எனக்கும் தெரியும். 'பெட்ரோல் காசு இருந்தால் கலை என்ன, எதையும் வாங்கலாம்' என்பவர்களுக்கு ஒன்று: பெட்ரோல் பம்ப் படிப்படியாக மாறி, தன் தலையில் தானே துப்பாக்கி வைத்த மனிதனாவதை 2010-ல் எக்ஸ்ரே படங்களாகக் காட்டியவரும் இவரேதான்.

பெண்களும் உண்டு. சவூதிக் கலைஞர் மனால் அல்-தொவையான் 2011-ல் ஃபைபர் கிளாஸ் புறாக்களைத் தொங்கவிட்டார். அவற்றின் உடம்பெல்லாம், பெண்கள் பயணம் போக ஆண் காப்பாளர் தரும் அனுமதிக் கடிதம். 2019-ல் 21 வயது நிரம்பிய பெண்களுக்கு அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

ஷார்ஜா பக்கம் இருந்தால் பியனாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். 1993 முதல் நடக்கிறது, நுழைவு இலவசம்.